அம்மாவுக்கு எந்த மின்னணு உருப்பெருக்கி?

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. இரண்டு கண்ணிலும் வயதால் வரும் மாகுலா தேய்வு (விழித்திரையின் நடுப்பகுதி தேய்வது), உலர் வகை. இழந்த பார்வையைத் திரும்பக் கொண்டுவர முடியாது, இருக்கும் பார்வையைப் பயன்படுத்தப் பழகுங்கள் என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார். கைலென்ஸ் வைத்து நாளிதழ் முழுக்கப் படித்தவர், இப்போது தலைப்புகளோடு நிறுத்திக்கொள்கிறார். மாத்திரை அட்டையில் பெயர் தெரிவதில்லை. குறுக்கெழுத்துப் போட முடியவில்லை என்பதுதான் அவருக்குப் பெரிய வருத்தம். கை லேசாக நடுங்கும். கடையில், தாளைக் கேமராவால் எடுத்துத் திரையில் பெரிதாக்கிக் காட்டும் கருவிகளில் 5 அங்குலக் கையடக்கக் கருவி, 12 அங்குல மடக்குக் கருவி, 24 அங்குல மேசைக் கருவி, தலையில் மாட்டும் கருவி என நான்கு காட்டினார்கள். 20 மடங்கு, 32 மடங்கு, 75 மடங்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. தம்பியோ ஒரு டேப்லெட் போதும் என்கிறான். எதை வாங்குவது?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அம்மாவுக்கு முதலில் கொடுத்துப் பார்க்க வேண்டியது 12 அங்குல மடக்குக் கருவி, அதாவது கேமராவும் திரையும் தாங்கியில் நிற்க, தாளை அடியில் வைத்து நகர்த்திப் படிப்பது. நடுங்கும் கை, எழுதும் வேலை, நாளிதழ் மூன்றுக்கும் நடுவில் நிற்பது அதுதான். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் வீட்டிலேயே ஒரு சின்னக் கணக்கைப் போட்டுவிடுங்கள். அந்தக் கணக்கு வேறு விடை சொன்னால் அதையே நம்புங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் ‘மடங்கு’ உங்களுக்கு அதிகம் உதவாது. அது, தாளில் 1 செ.மீ. இருப்பது திரையில் எத்தனை செ.மீ. ஆகிறது என்பதன் உச்ச அளவு மட்டுமே. அதே கேமராவைப் பெரிய திரையில் இணைத்தால் எண் தானாகக் கூடிவிடும். 75 மடங்கில் இரண்டரை மில்லிமீட்டர் எழுத்து ஒன்று 19 செ.மீ. அகலத்துக்கு விரியும். 24 அங்குலத் திரையிலேயே மூன்று எழுத்துகூட முழுதாக நிற்காது. அந்த நிலையில் யாரும் நாளிதழ் படிப்பதில்லை. தேவையான அளவுக்குப் பெரிதாக்கிய பிறகு திரையில் எத்தனை எழுத்து நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்கும் வழி இது. அம்மா தன் படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நல்ல வெளிச்சத்தில் உட்காரட்டும். கண்ணிலிருந்து 40 செ.மீ. தூரத்தில் அச்சிட்ட தாளைப் பிடியுங்கள். கம்ப்யூட்டரில் 8, 12, 16, 24, 32, 48 புள்ளி (பாயின்ட்) எழுத்தளவுகளில் ஒவ்வொரு வரி அடித்து அச்செடுத்துக்கொண்டால் போதும். குறைபார்வை மையத்துக்குப் போனால் ‘என்-8’, ‘என்-24’ என்று வரிகள் உள்ள அட்டையில் இதையே பார்ப்பார்கள். தட்டுத் தடுமாறியாவது சரியாகப் படிக்க முடிகிற மிகச் சிறிய வரி எது? 24 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். நாளிதழின் உள்செய்தி ஏறக்குறைய 8 புள்ளி. ஆக, எழுத்தை அடையாளம் காணவே 3 மடங்கு தேவை. சரளமாகப் படிக்க அந்த எல்லையைப் போல் குறைந்தது இன்னொரு இரண்டு மடங்கு வேண்டும் என்பது குறைபார்வைத் துறையில் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு. 3 பெருக்கல் 2, ஆறு மடங்கு.

அடுத்து, நாளிதழில் பத்து எழுத்து சேர்ந்து எவ்வளவு அகலம் என்று ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். 25 மி.மீ. வந்தால் ஓர் எழுத்துக்கு இரண்டரை மி.மீ. ஆறு மடங்கில் அது 15 மி.மீ. ஆகும். 5 அங்குலக் கருவியின் திரை அகலம் சுமார் 11 செ.மீ., ஆகவே ஏழு எழுத்து நிற்கும். 12 அங்குலத்தில் 26 செ.மீ. சொச்சம், பதினேழு எழுத்து. 24 அங்குலத்தில் 53 செ.மீ., முப்பத்தைந்து.

ஏழு எழுத்து போதாதா என்று தோன்றலாம். தமிழில் போதாது. ‘தெரிவித்திருக்கிறார்கள்’ என்ற ஒரே சொல்லில் பன்னிரண்டு எழுத்து. செய்தியில் வினைச்சொற்கள் இப்படித்தான் முடியும். சொல்லின் தலை திரையை விட்டுப் போன பிறகுதான் வால் வரும் என்றால், படிக்கிறவர் முன்பகுதியை மனதில் பிடித்துவைத்துக்கொண்டு பின்பகுதியைத் தேட வேண்டும். நாலு வரியில் களைத்துவிடுவார். மாத்திரைப் பெயருக்கும் ரசீதில் உள்ள தொகைக்கும் ஏழு எழுத்து தாராளம். தொடர்ந்து படிப்பதற்கு 15க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு வழி இருக்கிறது, கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. திரையைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்தால் அதுவும் உருப்பெருக்கம்தான். 40 செ.மீ.யில் 6 மடங்கு தேவைப்படுகிறவருக்கு 30 செ.மீ.யில் நாலரை மடங்கு போதும், 25 செ.மீ.யில் மூன்றே முக்கால் போதும். 12 அங்குலத் திரையை 30 செ.மீ.யில் வைத்தால் பதினேழு எழுத்து இருபத்துமூன்றாகிறது. ஆனால் அந்தத் தூரத்துக்கு ஏற்ற கண்ணாடி கண்ணில் இருக்க வேண்டும். 74 வயதில் கண்ணின் லென்ஸ் தானாகக் கிட்டத்துக்கு மாறிக்கொள்ளாது. தூரப் பார்வைக்கான பவருக்கு மேல் 40 செ.மீ.க்கு +2.50, 33 செ.மீ.க்கு +3.00, 25 செ.மீ.க்கு +4.00 டையாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) சேர்க்க வேண்டும். கருவி வாங்கியும் மங்கலாகத் தெரிகிறது என்ற புகாரின் பின்னால் பல நேரம் இருப்பது இந்தப் பவர் பொருத்தமின்மைதான். மங்கலான பிம்பத்தைப் பெரிதாக்கினால் பெரிய மங்கல்தான் கிடைக்கும்.

அம்மா பைஃபோகல் (மேலே தூரத்துக்கும் கீழே படிக்கவும் இரண்டு பவர் உள்ள கண்ணாடி) போடுகிறவரா? அப்படியானால் நிமிர்ந்து நிற்கும் திரையைக் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்கியே உட்கார வேண்டியிருக்கும். அரை மணியில் கழுத்து வலிக்கும், கருவி பிடிக்கவில்லை என்பார். திரைத் தூரத்துக்கென்று முழு லென்ஸும் ஒரே பவரில் ஒரு கண்ணாடி போட்டுக் கொடுங்கள். கருவியின் விலையோடு ஒப்பிட்டால் இது சிறு செலவு. பலனோ பாதிக்கு மேல் இதில்தான் இருக்கிறது.

இப்போது நான்கு கருவிகளுக்கு வருவோம்.

கையடக்கக் கருவியைத் தாளின் மேல் வைத்து நகர்த்த வேண்டும். வரி நேராகப் போவது முழுக்கக் கையைப் பொறுத்தது. கை நடுங்கினால் நடுக்கமும் ஆறு மடங்காகித் திரையில் தெரியும். தாளிலிருந்து தூக்கிப் பிடித்தால் இன்னும் மோசம். வெளியே போகும்போது பையில் வைத்துக்கொள்ள நல்ல கருவி, ஆனால் உங்கள் அம்மாவுக்கு முதல் கருவியாக நான் இதைச் சொல்லமாட்டேன். வெளியிலும் சமையலறையிலும் சட்டென ஒன்றைப் பார்க்க இப்போதிருக்கும் கைலென்ஸே உதவும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதற்குச் சார்ஜ் தேவையில்லை.

தலையில் மாட்டும் கருவி உட்கார்ந்த இடத்தில் தொலைக்காட்சி பார்க்கவும், எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கவும் நன்றாக உதவும். படிப்பதற்குத் தலையையே நகர்த்த வேண்டும். சிலருக்குக் குமட்டல் வரும். உருப்பெருக்கத்தோடு எழுந்து நடக்கவே கூடாது, தூரம் பற்றிய கணிப்பு தவறி விழ வாய்ப்பு அதிகம். அம்மா கேட்கும் மூன்று வேலைகளும் மேசை வேலைகள் என்பதால் இதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

24 அங்குல மேசைக் கருவியில் கேமராவின் அடியில் இடம்வலமும் முன்பின்னும் நகரும் தட்டு இருக்கும். புத்தகத்தைத் தட்டில் வைத்துத் தட்டை நகர்த்தினால் வரி கோணாது. நடுங்கும் கைக்கும் இது இதம். தினமும் இரண்டு மூன்று மணி நேரம் புத்தகம் படிக்கிறவர், அதற்கென்று நிரந்தரமாக ஒரு மேசை ஒதுக்க முடிகிறவர் என்றால் இதற்கு நிகர் வேறில்லை. உங்கள் கணக்கில் 10 மடங்குக்கு மேல் வந்தாலும் யோசிக்காமல் இதற்கே போங்கள். அதற்குக் கீழே என்றால் மடக்குக் கருவி போதும், அறைக்கு அறை எடுத்துச் செல்லவும் செய்யலாம்.

மடக்குக் கருவியை வாங்கும் முன் அம்மாவைக் கூட அழைத்துப் போங்கள். அவர் படிக்க நினைக்கும் பொருட்களையே கொண்டுபோங்கள்: அன்றைய நாளிதழ், ஒரு மாத்திரை அட்டை, குறுக்கெழுத்துக் கட்டம், யாரோ நீல மையில் எழுதிய கடிதம். கடையில் காட்டும் வழவழப்பான பெரிய எழுத்துப் புத்தகத்தில் எல்லாக் கருவியும் நன்றாகத்தான் தெரியும்.

கேமராவின் கீழ் ஒரு ஸ்கேலை வையுங்கள். உருப்பெருக்கத்தைக் கடைசி வரை குறைத்து, ஸ்கேலில் 1 செ.மீ. திரையில் எவ்வளவு என்று இன்னொரு ஸ்கேலால் அளந்து பாருங்கள். உச்ச அளவைவிட இந்தக் குறைந்தபட்ச அளவு முக்கியம். நாளிதழில் எந்தச் செய்தி எங்கே இருக்கிறது என்று தேட ஒன்றரை, இரண்டு மடங்குக்கு இறங்க முடிய வேண்டும். 4 மடங்கிலேயே தொடங்கும் கருவியில் பக்கத்தின் எந்த மூலையில் இருக்கிறோம் என்றே தெரியாமல் அம்மா தொலைந்துபோவார்.

பிறகு தாளைச் சற்று வேகமாக இடமும் வலமும் நகர்த்துங்கள். எழுத்துக்குப் பின்னால் நிழல் இழுபட்டால், அல்லது கை நகர்ந்து சற்றுப் பிந்தித் திரை நகர்ந்தால் அந்தக் கருவி வேண்டாம். தலை சுற்றுவதற்கு அதுவே காரணமாகும். அடுத்து கேமராவின் கீழ் பேனா பிடித்து எழுதச் சொல்லுங்கள். கை உள்ளே வந்ததும் ஃபோகஸ் தாளை விட்டுக் கைக்குத் தாவுகிறதா? தாவினால் ஃபோகஸைப் பூட்டி வைக்கும் பொத்தான் இருக்கிறதா என்று கேளுங்கள். எழுத விரும்புகிறவருக்கு இது கட்டாயம். கேமராவுக்கும் தாளுக்கும் நடுவில் பேனாவோடு கை தாராளமாக நுழையவும் வேண்டும்.

பொத்தான்களைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி வேறுபடுத்த முடிகிறதா, அழுத்தினால் ஒலி வருகிறதா, அணைத்துப் போட்டால் கடைசியாக வைத்த அளவும் நிறமும் நினைவில் நிற்கின்றனவா என்பதையும் பாருங்கள். தொடுதிரையில் மூன்று பட்டியல் தாண்டிப் போய் நிறத்தை மாற்ற வேண்டியிருந்தால் அம்மா அதை மாற்றவே மாட்டார். சார்ஜ் ஏறும்போதே பயன்படுத்த முடிய வேண்டும். சில ஆண்டுகளில் பேட்டரி தளர்ந்துவிடும், மாற்றித் தருவார்களா என்று இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நிறத் தேர்வு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வெள்ளையில் கறுப்பு, கறுப்பில் வெள்ளை, கறுப்பில் மஞ்சள் என்று பல இருக்கும். கண்ணில் வெளிச்சம் சிதறிக் கூசுகிறவர்களுக்கு, கண்புரை உள்ளவர்களுக்கு முக்கியமாக, கறுப்புப் பின்னணி மிகவும் இதமாக இருக்கும். ஆனால் இந்த அதிமாறுபாட்டு நிறங்களில் கருவி ஒவ்வொரு புள்ளியையும் ‘இது கறுப்பு, இது வெள்ளை’ என்று இரண்டாகத் தீர்மானித்துவிடுகிறது. நடுவில் உள்ள சாம்பல் காணாமல் போகும். மட்டமான நாளிதழ்த் தாளில் மெய்யெழுத்தின் புள்ளி வெளிறி அச்சாகியிருந்தால் அது முதலில் மறையும். ‘பட்டு’ ‘படடு’ ஆகும். பென்சில் எழுத்தும் புகைப்படமும் சிதைந்துபோகும். ஆகவே ஒரு பத்தியை இயல்பு நிறத்திலும் அதிமாறுபாட்டிலும் மாற்றி மாற்றிப் படிக்கச் சொல்லி, தவறு எதில் குறைகிறது என்று பாருங்கள். எது பிடித்திருக்கிறது என்று மட்டும் கேட்டால் பளிச்சென்று இருப்பதைத்தான் எல்லோரும் காட்டுவார்கள்.

மாத்திரை அட்டை தனிச் சிக்கல். பளபளக்கும் அலுமினியத் தாளில் கருவியின் எல்இடி விளக்குப் பட்டால் நடுவில் வெள்ளைத் திட்டாகத் தெரியும், எழுத்து கரைந்துவிடும். எல்இடியை அணைத்துவிடுங்கள். மேசை விளக்கைப் பக்கவாட்டில், தாழ்வாக வையுங்கள். இயல்பு நிறத்தில் அட்டையை மெல்லச் சாய்த்துக்கொண்டே வந்தால் ஒரு கோணத்தில் எழுத்து தெளியும். அந்த இடத்தில் பிம்பத்தை உறையவைக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, அட்டையைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகப் படிக்கலாம். மையில்லாமல் அழுத்திப் பதித்த காலாவதித் தேதி இந்தப் பக்கவாட்டு வெளிச்சத்தில் மட்டும்தான் நிழல் விழுந்து தெரியும். தேதி இருக்கும் முனைக்கு எதிர்முனையிலிருந்து மாத்திரைகளை எடுக்கப் பழக்குங்கள். 0.5 என்பதில் புள்ளி தெரியாமல் 05 ஆகவோ 5 ஆகவோ படித்துவிட வாய்ப்பு உண்டு. அதனால் மருந்தின் அளவை மட்டும் அவர் தனியாகப் படித்து முடிவெடுக்க வேண்டாம். வாங்கி வந்தவுடன் கண்ணுள்ளவர் ஒருவர் சரிபார்த்து, ஒவ்வொரு அட்டையிலும் தடித்த பேனாவால் ‘காலை’, ‘இரவு’ என்று எழுதிய ஒட்டுத்தாளை ஒட்டிவிடட்டும்.

சில கருவிகள் அச்சைப் படம்பிடித்து வாய்விட்டுப் படித்தும் காட்டும். நீண்ட கட்டுரைகளுக்குக் கண் களைத்த பிறகு இது நல்ல துணை. ஆனால் தமிழ் படிக்கும் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். பத்தி பத்தியாகப் பிரிந்த நாளிதழ்ப் பக்கத்தை வைத்து, முதல் பத்தியை முடித்துவிட்டு இரண்டாவதற்குப் போகிறதா, அல்லது குறுக்கே தாவிப் படிக்கிறதா என்று அங்கேயே கேட்டுப் பாருங்கள். கையெழுத்தையும் வளைந்த மருந்து பாட்டிலையும் இதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் தம்பி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. டேப்லெட்டில் செய்தித் தளத்தைத் திறந்து எழுத்தளவைக் கூட்டினால் வரிகள் திரை அகலத்துக்குத் தானாக மடிந்துகொள்ளும், பக்கவாட்டில் தள்ளவே வேண்டாம். கேமராப் படத்தை வெறுமனே பெரிதாக்கிக் காட்டும் கருவி இதைச் செய்யாது. பிடிஎஃப் வடிவ மின்னிதழ் வேறு, அதில் பக்கம் படமாகப் பெரிதாகும், இரண்டு பக்கமும் தள்ளித்தான் படிக்க வேண்டும். தாளில் உள்ளதைப் பார்க்க டேப்லெட் கேமராவைப் பயன்படுத்தலாம், ஆனால் நிறுத்தி வைக்கத் தாங்கி வேண்டும். பல கேமராக்கள் மிக அருகில் ஃபோகஸ் ஆகாது. 15, 20 செ.மீ. உயரத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஐபோனில் ‘மேக்னிஃபையர்’ என்ற செயலியே உள்ளது. வீட்டில் இருக்கும் போனை இப்படித் தாங்கியில் மாட்டி அம்மா இரண்டு வாரம் பழகட்டும். தாளை நகர்த்திக்கொண்டே திரையைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு வருமா என்பது கருவி வாங்கும் முன்பே தெரிந்துவிடும்.

அந்தப் பழக்கம் வருவதற்குச் சில வழிமுறைகள். மாகுலா தேய்வில் நேராகப் பார்க்கும் இடம்தான் மறையும், அதைச் சுற்றியுள்ள விழித்திரை வேலை செய்யும். ஒரு கடிகார முகத்தின் நடுவைப் பார்க்கச் சொல்லி, பிறகு பார்வையை 12, 3, 6, 9 என்று ஒவ்வொரு எண்ணின் பக்கமாகத் திருப்பச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் திருப்பும்போது நடு தெளிவாகத் தெரிகிறதோ அந்தப் பக்கம் பார்த்தபடியே படிக்க வேண்டும். கண்ணை அந்த நிலையில் அசையாமல் வைத்துக்கொண்டு தாளை மட்டும் நகர்த்த வேண்டும். வரி முடிந்ததும் அடுத்த வரிக்குக் குறுக்கே தாவக் கூடாது. அதே வரியில் திரும்பி வந்து, தொடக்கத்துக்கு வந்த பிறகு ஒரு வரி கீழே இறங்க வேண்டும். நாளிதழை ஒரே பத்தி தெரியும்படி மடித்து, கிளிப் அட்டையில் பிடித்துவைத்தால் தாள் வளையாது, ஃபோகஸும் நழுவாது. முதல் வாரம் ஒருமுறைக்குப் பத்து நிமிடம் போதும். குமட்டினால் உருப்பெருக்கத்தையும் திரை வெளிச்சத்தையும் சற்றுக் குறைத்து, தாளை மெதுவாக நகர்த்தச் சொல்லுங்கள். ‘நன்றாகத் தெரியட்டும்’ என்று வீட்டில் யாராவது அளவைக் கூட்டி வைத்துவிட்டுப் போவார்கள், அதை மட்டும் தடுத்துவிடுங்கள்.

குறுக்கெழுத்துக்கு வருகிறேன். 8 மி.மீ. கட்டம் 3 மடங்கில் 24 மி.மீ. ஆகும். 12 அங்குலத் திரையில் பதினொரு கட்டம் ஒரே நேரத்தில் தெரியும். குறிப்பைப் படிக்க 6 மடங்கு, கட்டத்தை நிரப்ப 3 மடங்கு என்று இரண்டுக்கும் மாறிக்கொள்ளட்டும். கட்டத்தை முதலிலேயே ஏ4-லிருந்து ஏ3-க்கு நகலெடுத்தால் 1.4 மடங்கு பெரிதாகிவிடும், வேலை பாதியாகும். பால்பாயின்ட் வேண்டாம், கறுப்பு ஃபெல்ட் பேனா கொடுங்கள். எழுதும்போது கையைப் பார்க்காமல் திரையைப் பார்க்க வேண்டும். ஓரிரு நாள் கோணல்மாணலாகத்தான் வரும், விடாமல் எழுதச் சொல்லுங்கள்.

கருவிக்கு ஒரு நிலையான மேசை, அசையாத நாற்காலி, ஜன்னல் வெளிச்சம் திரையில் பிரதிபலிக்காத திசை, திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில். எப்போதும் சொருகியபடி, மூடி வைக்காமல் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் பெட்டியிலிருந்து எடுத்து விரிக்க வேண்டிய கருவி பத்து நாளில் அலமாரிக்குப் போய்விடும்.

அச்செடுத்த அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே 40 செ.மீ.யில் படிக்கச் சொல்லி, தேதியோடு குறித்து வாருங்கள். 24 புள்ளி வரியிலிருந்து 32 புள்ளி வரிக்குப் போயிருந்தால் மறுபடி கணக்கைப் போட்டு அளவை மாற்றலாம். இடையில் எப்போதாவது கதவுச் சட்டமோ வரியோ புதிதாக வளைந்து தெரிகிறது என்று அம்மா சொன்னால், அல்லது பார்வை சட்டென இறங்கினால், கருவியைச் சரிசெய்துகொண்டிருக்காதீர்கள். உலர் வகை, விழித்திரைக்கு அடியில் ரத்தக்குழாய் கசியும் ஈர வகையாக மாறியிருக்கலாம். அதற்கு ஊசி மருந்து இருக்கிறது, நாள் கடந்தால் பலன் குறையும். அன்றோ மறுநாளோ கண் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.